இடம் என்றால் யாருடைய இடம்? பிஏ, ஏபி, டெகுபிட்டஸ் குழப்பம்

#1 முதலாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். கதிர்ப்படத் தொழில்நுட்பம் முதலாண்டு படிக்கிறேன். எலும்புகளின் பெயர்களை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் நோயாளியின் நிலைகள் பற்றிய உள்தேர்வில் 20-க்கு 7 வாங்கி நிற்கிறேன். மூன்று கேள்விகளில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

முதலாவது: நோயாளி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். டிடெக்டர் (படம் பதியும் பலகை) முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. கதிர் கிடைமட்டமாக வந்து நெஞ்சின் முன்புறத்தில் நுழைகிறது. நான் "லெஃப்ட் லேட்டரல்" (இடது பக்கவாட்டுப்படம்) என்று எழுதினேன். தவறு என்று சிவப்புக் கோடு.

இரண்டாவது: உள்ளங்கையை டிடெக்டர் மேல் பரப்பி வைத்து எடுக்கும் கைப்படம். மேலிருந்து பார்க்கும்போது நகங்கள் என்னைப் பார்த்துத்தான் இருக்கின்றன. அதனால் ஏபி (கதிர் முன்னிருந்து பின்னுக்கு) என்று எழுதினேன். விடை பிஏவாம் (பின்னிருந்து முன்னுக்கு).

மூன்றாவது, ஆர்ஏஓ (ரைட் ஆன்டீரியர் ஆப்ளிக் என்ற சாய்வு நிலை) என்றால் வலப்பக்கம் திரும்பி நிற்பதா, வலப்பக்கத்தைக் காட்டி நிற்பதா? வகுப்பில் மூவரைக் கேட்டேன், மூன்று விடைகள் கிடைத்தன.

மனப்பாடம் செய்யாமல் இதைப் புரிந்துகொள்ள வழி உண்டா?

#2 இருட்டறை மூத்தவர்

வணக்கம் அம்மா. ஃபிலிமைத் தொட்டியில் முக்கி எடுத்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவன். 20-க்கு 7 என்பதற்காக வருந்தாதீர்கள். இந்தக் குழப்பத்தைத் தாண்டாமல் இந்தத் துறையில் யாரும் நிலைத்ததில்லை.

உங்கள் மூன்று தவறுகளுக்கும் வேர் ஒன்றே. நீங்கள் நின்று பார்க்கும் இடத்திலிருந்து பெயர் வைக்கிறீர்கள். எங்கள் தொழிலில் பார்ப்பவருக்குப் பெயர் வைக்கும் உரிமையே கிடையாது. எல்லாப் பெயரும் நோயாளியின் உடலுக்குச் சொந்தம்.

உடற்கூற்று நிலை என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: நிமிர்ந்து நின்று, முகம் நேரே பார்த்து, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னோக்கியபடி. இந்த நிலையில் ஒருவரை மனதுக்குள் நிறுத்தி, உடலெங்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு அவர் படுக்கட்டும், கவிழட்டும், தலைகீழாகத் தொங்கட்டும், சீட்டுகள் இடம் மாறா. தலைப்பக்கம் எப்போதும் சுப்பீரியர்தான், அது தரையைத் தொட்டாலும்.

இனிக் கைப்படத்துக்கு வாருங்கள். உடற்கூற்று நிலையில் உள்ளங்கை முன்னோக்கி இருக்கிறது. ஆகவே அது ஆன்டீரியர். புறங்கை போஸ்டீரியர். உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தபோது கதிர் எங்கே நுழைகிறது? புறங்கையில். எங்கே வெளியேறுகிறது? உள்ளங்கையில். போஸ்டீரியரிலிருந்து ஆன்டீரியருக்கு, ஆகவே பிஏ. நகங்கள் யாரைப் பார்க்கின்றன என்பது நமக்குத் தேவையில்லாத செய்தி. (அந்தப் படத்தில் கட்டைவிரல் மட்டும் சாய்வாகத்தான் விழும். நான்கு விரல்களைப் பார்த்தபடி அதையும் நேர்ப்படம் என்று எழுதிவிடாதீர்கள், அடுத்த தேர்வில் அதையும் கேட்பார்கள்.)

பெயர் எழுதும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடல் எப்படிக் கிடக்கிறது அல்லது நிற்கிறது? டிடெக்டரை ஒட்டியிருப்பது உடலின் எந்தப் பக்கம்? கதிர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது? உங்கள் முதல் கேள்வியில் உடல் இடப்பக்கமாகப் படுத்திருக்கிறது, டிடெக்டரை ஒட்டியிருப்பது முதுகு, கதிர் முன்னிருந்து பின்னுக்குச் செல்கிறது. லேட்டரல் என்று சொல்லக் கதிர் ஒரு விலாப்பக்கத்திலிருந்து மறுவிலாவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே லெஃப்ட் லேட்டரல் டெகுபிட்டஸ் (படுத்த நிலையில் கிடைமட்டக் கதிரால் எடுப்பது), ஏபி.

#3 மூன்றாம் விலா

நாங்கள் எல்லாவற்றையும் "வியூ" என்றுதான் சொல்கிறோம். பிஏ வியூ, லேட்டரல் வியூ. வேலை நடக்கிறதே?

#4 இருட்டறை மூத்தவர்

நடக்கும். ஆனால் தேர்வில் நடக்காது. அமெரிக்கப் பாடநூல்களில் மூன்று சொற்களுக்கும் தனித்தனி வேலை உண்டு. புரொஜெக்ஷன் என்றால் கதிர் போகும் பாதை. பொசிஷன் என்றால் உடல் வைக்கப்பட்ட விதம். வியூ என்றால் டிடெக்டரின் கண்ணால் பார்த்தது. கவனியுங்கள், டிடெக்டரின் கண், அதாவது கதிரின் எதிர்த்திசை. அந்தச் சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்தும்போது ஒருவர் கதிரை நினைத்துக்கொண்டும் மற்றவர் டிடெக்டரை நினைத்துக்கொண்டும் பேசுவார்கள். அதனால்தான் புரொஜெக்ஷன் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

#5 இரவுப்பணி

டெகுபிட்டஸ் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன், இந்த மாணவிக்கு உதவும்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஒரு நோயாளிக்கு இடது நெஞ்சில் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரால் உட்கார முடியாது. டெகுபிட்டஸ் எடுக்கச் சொல்லி வந்தது. சந்தேகம் இடப்பக்கம் என்பதால் நானும் கையோடு இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன். படம் அழகாக வந்தது, காற்றுதான் தெரியவில்லை. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "காற்று மேலே போகுமா, கீழே போகுமா?" அவ்வளவுதான் கேட்டார்.

காற்று உயரும், நீர் தாழும். இடது நெஞ்சில் காற்றைத் தேடினால் இடப்பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்படியானால் நோயாளி வலப்பக்கமாகப் படுக்க வேண்டும். படத்தின் பெயர் ரைட் லேட்டரல் டெகுபிட்டஸ். பெயரில் வருவது அடியில் இருக்கும் பக்கம், நோயுள்ள பக்கம் அல்ல. நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதானால் நேர்மாறு, சந்தேகமுள்ள பக்கத்தைக் கீழே போட வேண்டும்.

இன்னொன்று. கதிர் கிடைமட்டமாக இருந்தால்தான் டெகுபிட்டஸ். ஒருக்களித்துப் படுத்தவரை மேலிருந்து செங்குத்தான கதிரால் எடுத்தால் அது வெறும் லேட்டரல். கதிர் கிடைமட்டமாகப் போனால்தான் காற்றும் நீரும் சந்திக்கும் கோடு, தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரைப் பக்கவாட்டில் பார்ப்பது போலத் தெளிவாகத் தெரியும். அதே தம்ளரை மேலிருந்து எட்டிப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியுமா?

#6 முதலாண்டு மாணவி

இரவுப்பணி அண்ணா, மிக்க நன்றி. வயிற்றில் காற்று தேடும்போது மட்டும் ஏன் எப்போதும் இடப்பக்கமாகவே படுக்கச் சொல்கிறார்கள்? அங்கே வலப்பக்கம் ஆகாதா?

#7 இரவுப்பணி

நல்ல கேள்வி. குடல் துளைபட்டால் காற்று வயிற்றறைக்குள் கசியும். இடப்பக்கமாகப் படுத்தால் அது மேலெழுந்து வலப்பக்கம், கல்லீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவில் போய் நிற்கும். கல்லீரல் சீரான வெண்ணிறத் திரை மாதிரி. அதன் ஓரத்தில் கரிய கீற்று விழுந்தால் கண் தப்பாது. வலப்பக்கமாகப் படுக்க வைத்தால் மேலே வருவது இடப்பக்கம். அங்கே இரைப்பையில் இயல்பாகவே காற்று உண்டு. எது உள்ளிருக்கும் காற்று, எது கசிந்த காற்று என்று தடுமாற நேரும்.

படுக்க வைத்த உடனே எடுத்துவிடாதீர்கள். காற்று ஊர்ந்து மேலே போக நேரம் வேண்டும். குறைந்தது 5 நிமிடம். 10 முதல் 20 நிமிடம் கிடைத்தால் இன்னும் நல்லது. உதரவிதானம் படத்துக்குள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேடும் இடத்தையே வெட்டிவிட்டு எடுத்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#8 சொல்லாய்வு

நான் இந்தத் தொழிலில் இல்லை. மருத்துவ நூல்களைத் தமிழில் மெய்ப்புப் பார்ப்பவன். இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது. உடல் கிடக்கும் விதத்துக்குத் தமிழில் நெடுங்காலமாகவே தெளிவான சொற்கள் இருக்கின்றன. மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து. சூப்பைன், புரோன், லேட்டரல் ரிகம்பென்ட் என்று மூச்சு வாங்க வேண்டிய தேவையே இல்லை.

கையைப் பாருங்கள். இலத்தீனில் சூப்பைன் என்ற சொல்லிலிருந்துதான் சூப்பினேஷன் வருகிறது. உடல் மல்லாந்தாலும் கை மல்லாந்தாலும் அவர்களுக்கு ஒரே வேர். நமக்கும் அப்படித்தான். "கையை மல்லாத்து" என்கிறோம், "கையைக் கவிழ்" என்கிறோம். எதையாவது வாங்கிக்கொள்ளக் கை ஏந்தினால் அது சூப்பினேஷன். மேசையில் கையை ஊன்றினால் புரொனேஷன். உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கால், புறங்கால் என்ற இணைகள் பாமர், டார்சல், பிளான்டர் எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றன. மாணவர்கள் ஏன் இவற்றை விட்டுவிட்டு உருப்போடுகிறார்கள்?

#9 இருட்டறை மூத்தவர்

சொல்லாய்வு ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். நோயாளியிடம் பேசத் தமிழ்ச்சொல்தான். "சூப்பைனாகப் படுங்கள்" என்று ஒரு முதியவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம். "மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள், கையை ஏந்திய மாதிரி வையுங்கள்" என்றால் சிறு குழந்தையும் சரியாக வைக்கும். முன்கைப் படத்துக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு முக்கியம் தெரியுமா? கையை மல்லாத்தினால் முன்கையின் இரண்டு எலும்புகளும் தண்டவாளம் போல இணையாகக் கிடக்கும். கவிழ்த்தால் ஆர எலும்பு அல்னாவின் குறுக்கே ஏறிக் கத்தரிக்கோல் போல ஆகிவிடும். அதனால்தான் கையைப் பிஏவாகவும் முன்கையை ஏபியாகவும் எடுக்கிறோம்.

ஆனால் கோரிக்கைத் தாளில் "பின்முன்" என்று எழுதினால், மறுமுனையில் இருப்பவர் அதை எந்தப் பக்கமிருந்து படிப்பார் என்று எனக்கு உறுதியில்லை. ஏட்டில் உலகம் முழுதும் ஒரே சொல் இருந்தால்தான் பாதுகாப்பு.

#10 சொல்லாய்வு

அது நியாயம். வாய்க்குத் தமிழ், தாளுக்குக் கலைச்சொல். ஆனாலும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "இடம்" என்ற சொல் தமிழில் இடப்பக்கத்தையும் குறிக்கும், வெறும் இடத்தையும் குறிக்கும். "வலி இருக்கும் இடம்" என்று குறிப்பில் எழுதினால் வம்பு. இடப்பக்கம், இடது கை என்று முழுதாக எழுதுங்கள்.

#11 மூன்றாம் விலா

ஆர்ஏஓவுக்கு நான் விடை சொல்கிறேன். ரைட் ஆன்டீரியர் ஆப்ளிக். வலது முன்பக்கம் டிடெக்டரைத் தொட வேண்டும். டிடெக்டரைப் பார்த்து நேராக நிற்கிறீர்கள், இடது தோளைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள், வலது மார்பு மட்டும் ஒட்டியிருக்கிறது. முடிந்தது. பெயரில் இருப்பது தொடும் பகுதி என்று நினைவு வைத்தால் போதும். எந்த ஆப்ளிக்காக இருந்தாலும் டிடெக்டரைத் தொடும் பக்கம்தான் படத்தில் தெளிவாகத் தெரியும்.

#12 தண்டுவடம்

மூன்றாம் விலா சொன்னதில் கடைசி வாக்கியம் தவறு. அதை அப்படியே தேர்வில் எழுதிவிட வேண்டாம் தங்கையே.

இடுப்பு முதுகெலும்பை மல்லாந்த நிலையில் 45 பாகை சாய்த்து எடுக்கிறோம். ஆர்பிஓ வைத்தால், அதாவது வலது பின்பக்கம் டிடெக்டரைத் தொட்டால், அதை ஒட்டிய வலப்பக்க முக மூட்டுகள் (முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறு மூட்டுகள்) தெரியும். முள்ளெலும்பின் நிழலில் ஸ்காட்டி நாய் உருவம் தேடுவோமே, அதுதான். இதுவரை அவர் சொன்னது சரி.

கழுத்துக்கு வாருங்கள். அங்கே நாம் தேடுவது நரம்பு வெளிவரும் துளைகள். எல்பிஓ வைத்தால், அதாவது இடது பின்பக்கம் டிடெக்டரைத் தொட்டால், தெரிவது வலப்பக்கத் துளைகள். தொடாத பக்கம்! இதை உருப்போட்டால் மறந்துவிடும்; காரணத்தைப் பிடியுங்கள். கழுத்தில் அந்தத் துளைகள் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் 45 பாகையில் திறக்கின்றன. சற்றே கீழ்நோக்கியும் இருக்கின்றன. வலப்பக்கத் துளை வலமுன் திசையைப் பார்க்கிறது. எல்பிஓவில் கதிர் எங்கிருந்து வருகிறது? வலமுன் பக்கத்திலிருந்து. நேராகத் துளைக்குள் புகுந்து போகிறது. துளை கீழ்நோக்கி இருப்பதால் கதிரையும் 15 பாகை தலைநோக்கிச் சாய்க்கிறோம்.

அவரையே திருப்பி நிறுத்தி ஆர்ஏஓ எடுத்தால்? கதிர் அதே கோட்டில்தான் போகிறது, எதிர்த்திசையில். எனவே தெரிவது அதே வலப்பக்கத் துளைகள். இப்போது அது டிடெக்டரை ஒட்டிய பக்கம். கதிர் பின்னாலிருந்து வருவதால் சாய்வு 15 பாகை கால்நோக்கி. ஆர்ஏஓவும் எல்பிஓவும் இரட்டைப் பிள்ளைகள், எல்ஏஓவும் (இடது முன்பக்கம் தொடுவது) ஆர்பிஓவும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு தாளில் வட்டம் வரைந்து, முன்பின் வலம் இடம் குறித்து, குறுக்கே அம்பு போட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

#13 மூன்றாம் விலா

ஏற்றுக்கொள்கிறேன். மார்பெலும்பை நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன். அதற்கு ஆர்ஏஓவே தேவை: உடலை 15 முதல் 20 பாகை திருப்பினால் மார்பெலும்பு முதுகெலும்பை விட்டு விலகி இதயத்தின் நிழல் மேல் விழும். சீரான பின்னணி கிடைக்கும்.

#14 காத்திருப்போர் வரிசை

மன்னிக்கவும், நான் நோயாளி. இந்த இழைக்குத் தேடலில் வந்து சேர்ந்தேன். போன மாதம் படுக்கையில் இருந்தபோது சக்கரம் வைத்த கருவியைக் கொண்டுவந்து நெஞ்சுப்படம் எடுத்தார்கள். அதில் "ஏபி சூப்பைன்" என்று எழுதி, இதயம் பெரிதாகத் தோன்றுகிறது, நிலையும் காரணமாக இருக்கலாம் என்று அறிக்கையில் போட்டிருந்தார்கள். படுத்தால் இதயம் பெரிதாகுமா? இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை.

#15 இருட்டறை மூத்தவர்

உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, எனவே உங்கள் இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். அந்த வரி ஏன் எழுதப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரவில் விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டுங்கள். கை சுவரை ஒட்டியிருந்தால் நிழல் கையளவே இருக்கும். விளக்கை நோக்கி நகர்த்தினால் நிழல் வீங்கும். இதயம் நெஞ்சின் முன்பகுதியில் இருக்கிறது. பிஏ எடுக்கும்போது நெஞ்சு டிடெக்டரை ஒட்டியிருப்பதால் இதயம் சுவரோரம் வைத்த கை. விளக்கும் தொலைவில், 180 சென்டிமீட்டரில் இருக்கிறது. படுக்கையில் ஏபி எடுக்கும்போது முதுகு டிடெக்டரில், இதயம் விளக்குப் பக்கம், தொலைவும் பெரும்பாலும் 100 சென்டிமீட்டரை ஒட்டித்தான் கிடைக்கும்.

ஒரு கணக்குக்காக இதயத்தின் அகலம் 12 சென்டிமீட்டர் என்று வைப்போம். பிஏவில் அது டிடெக்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 180-ஐ 170-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். நிழல் 12.7 சென்டிமீட்டர் வரும். ஏபியில் 18 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 100-ஐ 82-ஆல் வகுக்க வேண்டும், நிழல் 14.6. இதயம் அதேதான், நிழலில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வேறுபாடு. படுத்திருப்பவரால் நின்றவரைப் போல மூச்சை நிறைய இழுக்கவும் முடியாது, அதுவும் சேர்ந்துகொள்ளும். இதயத்தின் அகலம் நெஞ்சின் அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் பிஏ படத்துக்கு உரியது.

மாணவிக்கும் இதைச் சொல்கிறேன். தாளில் ஏபி என்ற இரண்டு எழுத்தை எழுத மறந்தால், படத்தைப் படிப்பவர் அதைப் பிஏ என்று நினைத்துப் படிப்பார்.

#16 காத்திருப்போர் வரிசை

கையை நீட்டிப் பார்த்தேன். மிக்க நன்றி ஐயா. நாளைக்கே மருத்துவரிடம் கேட்கிறேன்.

#17 முதலாண்டு மாணவி

இதைப் படித்ததும் இன்னொரு குழப்பம் தெளிந்தது, வேறொன்று கிளம்பிவிட்டது. பிஏ நெஞ்சுப்படத்தைத் திரையில் போடும்போது நோயாளி நம்மைப் பார்த்து நிற்பது போலத்தானே போடுகிறோம்? அவருடைய இடப்பக்கம் நம் வலப்பக்கம் வருகிறது. கதிர் பின்னாலிருந்து போன படத்தை ஏன் முன்னாலிருந்து பார்க்கிறோம்?

#18 தண்டுவடம்

பெயர் வைப்பது ஒன்று, மாட்டி வைப்பது வேறொன்று. நெஞ்சுப்படம் பிஏவானாலும் ஏபியானாலும் நோயாளி எதிரே நிற்பதாக வைத்தே மாட்டுவது வழக்கம். ஆனால் கையும் பாதமும் விரல்கள் மேலே வரும்படி மாட்டப்படும். பெயர் கதிரின் பாதையைச் சொல்கிறது, அவ்வளவே. உங்கள் முதல் பதிவில் நகங்கள் செய்த குழப்பத்தையே இப்போது திரை செய்கிறது!

#19 இரவுப்பணி

மார்க்கர் பற்றி யாரும் பேசவில்லையே. ஆர், எல் எழுத்துகள் நோயாளியின் வலமும் இடமும். டிஜிட்டல் படத்தை ஒரு விசையில் புரட்டிவிடலாம் என்பதால் ஈய எழுத்தை எக்ஸ்போஷருக்கு முன்பே வைத்துவிடுங்கள். பிறகு கணினியில் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், பத்துப் பேர் வரிசையில் நிற்கும் நேரத்தில் நினைவு சதி செய்யும்.

இதயம் வலப்பக்கம் இருக்கும் மனிதர்களும் உண்டு, டெக்ஸ்ட்ரோகார்டியா என்பார்கள். மார்க்கர் இல்லாத படத்தில் இதயத்தை வைத்து இடப்பக்கத்தை ஊகிப்பவர் அப்படி ஒருவரைச் சந்தித்தால், படத்தைப் புரட்டிப் போட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று நிம்மதியாகப் போய்விடுவார்.

#20 தண்டுவடம்

சாய்வுக் கோணத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மல்லாந்தவருக்குத் திரிக எலும்பை (முதுகெலும்பின் அடியில், வால் எலும்புக்கு மேலே இருப்பது) எடுக்கக் கதிரை 15 பாகை தலைநோக்கிச் சாய்க்கிறோம். வால் எலும்புக்கு 10 பாகை கால்நோக்கி. வலியால் மல்லாந்து படுக்க முடியாமல் குப்புறப் படுத்தால்? எலும்பின் சாய்வு மாறவில்லை, கதிர் நுழையும் பக்கம்தான் மாறுகிறது. ஆகவே திரிகத்துக்குக் கால்நோக்கி, வால் எலும்புக்குத் தலைநோக்கி. எண் அப்படியே, திசை மட்டும் திரும்பும். கழுத்தில் நாம் பார்த்த அதே கதை.

தலையோட்டில் டவுன் (கதிரைக் கால்நோக்கிச் சாய்த்து எடுக்கும் படம்) எடுக்கும்போது சாய்வு 30 பாகையா 37 பாகையா என்று சண்டை போடுவார்கள். கண்ணின் வெளிமூலையிலிருந்து காதுத்துளைக்குச் செல்லும் கோட்டை டிடெக்டருக்குச் செங்குத்தாக வைத்தால் 30. கழுத்தை மடக்க முடியாமல் கண்குழியின் கீழ்விளிம்பிலிருந்து காதுக்குச் செல்லும் கோட்டைச் செங்குத்தாக வைத்தால் 37. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள 7 பாகையைத்தான் கூட்டுகிறார்கள். சண்டைக்கே இடமில்லை.

#21 மூன்றாம் விலா

உடலைத் தொட்டு இடம் கண்டுபிடிப்பதில் ஒன்று மட்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு நான்காம் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏழாம் மார்பு முள்ளெலும்பு அளவில் என்று புத்தகத்தில் இருக்கும். அதே புத்தகத்தில் அடிவயிற்றின் கீழ்முனையில் இருக்கும் பூப்பெலும்பு இணைவும் அடையாளமாக வரும். அதைத் தேடிக் கையைக் கொண்டுபோகாதீர்கள். தொடையெலும்பின் வெளிப்புறப் புடைப்பு அதே மட்டத்தில்தான் இருக்கிறது. "இடுப்பின் பக்கத்தில் தொடப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு அதைத் தொட்டால் போதும்.

#22 இருட்டறை மூத்தவர்

இந்த இழையில் மூன்றாம் விலா சொன்னவற்றில் மிகச் சிறந்தது இது.

அம்மா, இப்போது ஒரு கேள்வி. நோயாளி மல்லாந்து கிடக்கிறார். டிடெக்டர் அவருடைய வலப்பக்க விலாவை ஒட்டி நிற்கிறது. கதிர் கிடைமட்டம். பெயர் சொல்லுங்கள்.

#23 முதலாண்டு மாணவி

மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டேன் ஐயா.

உடல் முதுகின் மேல் கிடக்கிறது, கதிர் கிடைமட்டம். ஆகவே டார்சல் டெகுபிட்டஸ். டிடெக்டரை ஒட்டியிருப்பது வலப்பக்கம். கதிர் இடது விலாவில் நுழைந்து வலது விலாவில் வெளியேறுகிறது. ஆகவே ரைட் லேட்டரல். அவரையே குப்புறப் படுக்க வைத்து, டிடெக்டரை அதே வலது விலாவை ஒட்டி வைத்தால் வென்ட்ரல் டெகுபிட்டஸ், ரைட் லேட்டரல். சரிதானே? 20-க்கு 20 உண்டா?

#24 இருட்டறை மூத்தவர்

பெயர் முழுக்கச் சரி. மார்க்கரை எங்கே வைத்தீர்கள்?

#25 முதலாண்டு மாணவி

மறந்துவிட்டேன் ஐயா. வலப்பக்கம்தான் டிடெக்டரை ஒட்டியிருக்கிறது, எனவே ஆர். 19 கொடுங்கள்.